இடிக்குப் பிடுங்கிய வட்டு

அப்பாவும் நானும் சேர்ந்து செய்த கடைசி வேலை, அவருடைய கணினிக்கு அப்டேட் போட்டது.

ஞாயிற்றுக்கிழமை மதியம், எல்லைக்கு இந்தப் பக்கம் மாசாயில் உள்ள அப்பா வீட்டில். கணினியின் உள்வட்டு, அதாவது ஹார்ட் டிஸ்க், போன வருடமே பழுதாகிவிட்டது. புதியது வாங்கலாம் என்றால் அப்பா கேட்கவில்லை. "ஓடுற வண்டிய யாராச்சும் தூக்கிப் போடுவாங்களா?" என்றார். அதனால் வெளியே செருகும் சின்ன வட்டு ஒன்றில் இயங்குதளத்தைப் போட்டு, கணினி அதிலிருந்தே ஓடும்படி செய்து கொடுத்திருந்தேன். அவருடைய கோப்புகளும் அதில்தான் இருந்தன.

அப்படி ஓடும் கணினிக்கு அப்டேட் போட இரண்டு விதிகள். முதலில் கோப்புகளுக்கு நகல் எடுக்க வேண்டும். பிறகு, முடியும்வரை வட்டின் கேபிளைத் தொடக் கூடாது. இரண்டாவதை அப்பாவிடம் சொன்னேன். முதலாவதை நான் செய்யவில்லை. எல்லைப் பாலத்தில் நெரிசல் தொடங்குமுன் சிங்கப்பூர் திரும்பும் அவசரம். அங்கே எனக்கு வேலையே கணினிகளைப் பராமரிப்பதுதான்.

துணி எடுத்து வைக்க மாடிக்குப் போனேன். இடி இடித்தது. இடி இடித்தால் எங்கள் வீட்டில் எல்லா பிளக்கும் கழன்றுவிடும். ஒரு முறை மின்னல் மோடத்தையும் டிவியையும் சேர்த்து எரித்தது. அன்றிலிருந்து அப்பா இதில் தவறியதில்லை. நான் கீழே வந்தபோது வட்டைத் துண்டில் சுற்றிக் கையில் வைத்திருந்தார்.

"அலமாக்! தொடாதீங்கன்னு சொன்னேன்லப்பா?"

"ஸ்கிரீன் அணைஞ்சிருச்சும்மா. முடிஞ்சிருச்சுன்னு நெனச்சேன்."

"ரீஸ்டார்ட் ஆகும்போது அப்படித்தான் இருக்கும். எல்லாம் போச்சு. உங்க பஸ் லிஸ்ட்டும் போச்சு."

"லிஸ்ட்டுமா?"

"ஆமா."

மழை விட்டதும் செருகிப் பார்த்தோம். கணினி எழவில்லை. வட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். "பாத்துட்டு சொல்றேன்" என்றேன். பார்க்கவில்லை.

அப்பா பெயர் சதாசிவம். யோங் பெங் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்து, பத்தொன்பது வயதில் பாசிர் கூடாங் வந்தவர். இருபத்திரண்டு வருடம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. பிறகு பதினொரு வருடம் அதே தொழிற்சாலைக்கு ஆளேற்றும் பஸ் ஓட்டினார். அம்மா இறந்த பிறகுதான் தட்டச்சு கற்றார். அவர் செய்த ஒரே கோப்பு அந்தப் பட்டியல். யார், எங்கே, எத்தனை மணிக்கு நிற்பார்கள் என்று நாற்பத்து நான்கு பேர்.

அப்டேட் போட்டுப் பதினைந்து நாள் கழித்து, ஒரு திங்கட்கிழமை, காலை பஸ் நடையை முடித்து, தொழிற்சாலை வாசலில் பஸ்ஸை நிறுத்திவிட்டு, ஓட்டுநர் இருக்கையிலேயே இறந்தார். மாரடைப்பு. இஞ்சின் அணைந்திருந்தது. கைபிரேக் போட்டிருந்தது.

ஐந்தாம் நாள் ரூபேந்திரன் வீட்டுக்கு வந்தான். அப்பாவின் பஸ்ஸை இப்போது அவன்தான் ஓட்டுகிறான்.

"மன்னிச்சுக்குங்கக்கா, இந்த நேரத்துல கேக்கக் கூடாது. லிஸ்ட் ஏதும் இருக்கா? நேத்து மூணு பேர விட்டுட்டேன். ஒரு அம்மா ஹைவே ஓரத்துல ஒரு மணி நேரம் நின்னுருக்காங்க. திட்டு தாங்கல லா."

"அது போச்சு, ரூபன்."

"தெரியும்க்கா. சதாசிவம் அண்ணன் சொன்னாரு. 'நாந்தான் பிடுங்கிக் கெடுத்துட்டேன், எம்மக கோவமா இருக்கு'ன்னு. ரெண்டு வாரமா ஒவ்வொருத்தரா கேட்டு நோட்டுல எழுதிக்கிட்டிருந்தாரு. அது பஸ்லதான் இருக்கு. பாதிப் பேர்கூட அதுல வரல, எழுத்தும் எனக்குப் புரியல."

அவனை உட்காரச் சொல்லிவிட்டு வட்டை என் மடிக்கணினியில் செருகினேன். பத்து நிமிடம் ஆகவில்லை. அப்டேட் பாதியில் நின்றால் பெரும்பாலும் கெடுவது இயங்குதளம் இருக்கும் பகுதி. கோப்புகள் இருப்பது வேறு பகுதி. இது எனக்குத் தெரியாத விஷயமல்ல. நாற்பத்து நான்கு வரிகளும் அப்படியே இருந்தன.

"7. ஹாரன் அடிக்காதே. வீட்டில் கைக்குழந்தை."

"15. வேலு. நைட் முடிந்தால் தூங்கிவிடுவார். இறங்கும் இடத்தில் எழுப்பு."

"20 முதல் 23. நேப்பாளிகள். மூன்று பேர் நின்றால் நாலாவது ஆள் ஓடி வருகிறார் என்று அர்த்தம். காத்திரு."

ரூபன் திரையைப் படம் பிடித்துக்கொண்டான். "அண்ணன் இருக்கும்போதே கெடச்சிருந்தா..." என்றான்.

நோட்டைக் கேட்டேன். பஸ்ஸிலிருந்து எடுத்து வந்தான். பள்ளிக்கூட நோட்டு. பத்தொன்பது பேர் வரை வந்திருந்தார். ஓடும் வழியில் எழுதியிருக்க வேண்டும். எழுத்து கோணலாக இருந்தது. பதினெட்டு பேர் பழைய பட்டியலில் உள்ளவர்கள். கடைசி ஆள் மட்டும் அதில் இல்லை.

"19. செல்லம். புதுசு. கேன்டீன். மூக்குக்கண்ணாடி உடைஞ்சிருச்சு, பஸ் நம்பர் தெரியல. கை காட்ட மாட்டாங்க, நாமதான் நிறுத்தணும். கண்ணாடி செவ்வாய்க்கிழமை ரெடி. கடை திறக்குற நேரம் இவங்களுக்கு வேலை. நான் எடுத்துத் தரேன்னு சொல்லியிருக்கேன்."

பக்கத்தில் கண்ணாடிக் கடை ரசீது பின் அடித்திருந்தது. கண்ணாடியை வாங்க வேண்டிய தேதி, அப்பா இறந்ததற்கு மறுநாள்.

"ஹைவே ஓரத்துல நின்ன அம்மா யாரு, ரூபன்?"

"அவங்கதான்க்கா. செல்லம். பஸ்ஸு கண்ணு முன்னாடியே போச்சு, நம்பர் தெரியலன்னு சொல்றாங்க. நான் நம்பல."

கண்ணாடி இன்னும் கடையில் இருக்கிறது.