வெர்னாவின் வலது பாக்கெட்

என் வீட்டுக்காரர் ரேக்குப் பக்கவாதம் வந்து படுத்த குளிர்காலத்தில், யாரும் கூப்பிடாமலே வெர்னா டக்கெட் வந்து அவருக்கு முடி வெட்டினாள். முதலில் முடிவெட்டும் மெஷினின் இரும்பு முனையைக் கைக்குள் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். எதற்கென்று எனக்குப் புரியவில்லை. சில்லென்று பிடரியில் பட்டால் மனுஷன் திடுக்கிடுவாரே என்று சூடாக்கியிருக்கிறாள்.

ஒக்லஹோமாவின் கிழக்கே, எங்கள் பெல் க்ரீக் பக்கம் வீட்டுக்கு வீடு மைல் கணக்கில் தூரம். எழுந்து நடமாட முடியாதவர்களுக்கு வெர்னாதான் தேடிப்போய் முடி வெட்டுவாள். ஒருநாள் காட்டு ரோட்டில் அவள் வண்டி டயர் வெடித்து நின்றது. உதவுகிறவன் மாதிரி இறங்கி வந்த ஒருவன் அவள் தாடையில் குத்திவிட்டுப் பையைப் பிடுங்கிக்கொண்டு போனான். பல் ஒன்று போயிற்று. அதற்குப் பிறகு அவள் ஊர் எல்லையைத் தாண்டவில்லை. கிழவர்களுக்கெல்லாம் காதை மூடி முடி வளர்ந்தது.

"சபையில உனக்காக ஜெபிக்கிறோம் வெர்னா" என்றேன்.

"ஜெபிங்க, நல்லதுதான். ஆனா அந்த ரோட்டுல தனியா போகப்போறது நான்தானே லீட்டா?"

செத்துப்போன புருஷனுடைய பெரிய துப்பாக்கியை இடுப்பில் கட்டிப் பார்த்தாள். குனிந்து முடி வெட்டினால் விலாவில் குத்தியது. இரண்டாம் நாளே அதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டாள். "அலமாரியில கிடக்கறது அலமாரிக்குத்தான் காவல்" என்று அவளே சிரித்தாள். பிறகுதான் டுவைட்டின் துப்பாக்கிக் கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

டுவைட் உள்ளங்கையில் அடங்குகிற ஒன்றை எடுத்து வைத்தார். "முன்னாடியே சொல்லிடறேன்மா. சின்னது சுமக்க சுகம், சுடக் கஷ்டம். பெருசு அதுக்கு நேர் எதிர். ரெண்டு சுகமும் ஒண்ணா வேணும்னா அப்படி ஒண்ணை இன்னும் யாரும் செய்யல."

கடைக்குப் பின்னால் போய்ச் சுட்டுப் பார்த்தாள். அந்தக் குட்டி, கையில் நிற்காமல் துள்ளிக் கட்டைவிரல் தோலைப் பிய்த்தது. எதிரே குறிக்காகத் தொங்கவிட்ட காகித ஆள் மேல் ஒரு குண்டுகூடப் படவில்லை.

"அவன் என்னைப் பாத்து சிரிக்கிறான் டுவைட்."

"சிரிக்கட்டும்மா. வாராவாரம் வாங்க, சிரிப்பு நிக்கும்."

"விசையை இழுத்தா என் விரலே ஒடியுது. கொஞ்சம் இளக்கிக் குடுக்கக் கூடாதா?"

"மாட்டேன். இத்தனை குட்டியில தவறி வெடிக்காம இருக்க வேற பூட்டு கிடையாது. அந்த விறைப்புதான் பூட்டு."

"நல்ல ஆளுய்யா! துப்பாக்கியும் உன்னை மாதிரியே பிடிவாதம்" என்று திட்டிக்கொண்டே வாங்கினாள்.

வாராவாரம் போனாள். காகித ஆளின் சிரிப்பும் நின்றது. வெர்னா மறுபடி ரோட்டில் இறங்கினாள். முடி வெட்டும்போது போடுகிற மேலங்கியின் வலது பாக்கெட்டில் தோலுறைக்குள் துப்பாக்கி. அந்தப் பாக்கெட்டில் சீப்போ சாவியோ எதுவும் போடக்கூடாது, விசையில் மாட்டிவிடும். துப்பாக்கி வைத்திருக்கிறவர்கள் எங்கள் பக்கம் எல்லாரும் காக்கிற சட்டம் அது. இடது பாக்கெட்டில் பெப்பர்மிண்ட் மிட்டாய். நினைவு தப்பிப்போன எல்வுட் மெக்காலி அந்தப் பாக்கெட்டில் தானே கைவிட்டு மிட்டாய் எடுத்துக்கொள்வார். அதற்கென்றே வெர்னா எப்போதும் தன் இடது பக்கம் அவரை ஒட்டி இருக்கும்படி நிற்பாள்.

ஒருநாள் எல்வுட் வீட்டுக்கு நானும் தண்ணீர்ப் பாத்திரம் பிடிக்கக் கூடப் போயிருந்தேன். வெளிச்சம் வரட்டும் என்று அவர் மகள் கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டிருந்தாள். வெர்னா அதை யோசிக்காமல், இருந்த இடைவெளியில் நின்று வெட்ட ஆரம்பித்தாள். எல்வுட் பழக்கப்படி கிட்டே இருந்த பாக்கெட்டில் கையை விட்டார்.

கை வெளியே வந்தபோது அதில் துப்பாக்கி இருந்தது. உறை பாக்கெட்டிலேயே தங்கிவிட்டது. முனை அவருடைய நெஞ்சைப் பார்த்திருந்தது. அவர் மிட்டாய்க் காகிதத்தைப் பிரிக்கிற மாதிரி விசையை விரலால் நெருடினார், இழுத்தார். அது அசையவில்லை. 'கர்த்தரே' என்றேன் நான்.

வெர்னா குரலைக்கூட உயர்த்தவில்லை. "எல்வுட், அது பழைய மிட்டாய். கல்லு மாதிரி இருக்கில்ல? இந்தாங்க, புதுசு."

"கல்லேதான் கண்ணு. என் பல்லுக்கு ஆகாது" என்று அதைக் கொடுத்துவிட்டுப் பெப்பர்மிண்ட்டை வாங்கிக்கொண்டார். அவள் மீதி முடியையும் வெட்டி முடித்துத்தான் வெளியே வந்தாள்.

வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தியதும் வெர்னா சொன்னாள்: "முடிஞ்சுது லீட்டா. இது இல்லாம ரோட்டுல போகமாட்டேன். இதை வச்சுக்கிட்டு கிழவங்க கட்டில் பக்கம் போகமாட்டேன். அப்ப எங்கதான் போறது நான்?"

"ரோட்டுக்கு அது வேணும்னா ரோட்டோட நிக்கட்டுமே. வண்டியில பூட்டி வச்சிட்டு இறங்கு."

"வண்டியிலேர்ந்து வாசக்கதவு வரைக்கும்?"

"அந்தக் கொஞ்ச தூரத்தையாவது கர்த்தர்கிட்ட விடேன்."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சரி. அவருக்கும் ஏதாவது வேலை வேணும்ல."

டுவைட் சீட்டுக்கு அடியில் ஒரு இரும்புப் பெட்டியைத் திருகி வைத்துக் கொடுத்தார். "இப்பத்தான் விறைப்போட அருமை தெரியுதாம்மா?" என்று கேட்டார். வெர்னா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். முதல் வாரம் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பெட்டியைப் பூட்டிவிட்டு, இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அப்புறம் இறங்கினாள். ஒரு வீட்டையும் விடவில்லை.

எத்தனையோ வருஷம் அப்படியே ஓடியது. வெர்னாவை அவள் மகள் துல்சா நகரத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டபோது, போகிற அன்று ரேக்குக் கடைசியாக முடி வெட்டினாள். அன்றும் அந்த இரும்பைக் கைக்குள் பொத்திச் சூடாக்கினாள். வாசல்வரை போனேன். அவள் மேலங்கியின் இரண்டு பாக்கெட்டிலும் பெப்பர்மிண்ட் கிலுகிலுத்தது.

"உள்ளதைச் சொல்லு வெர்னா, பயம் போயிடுச்சா?"

வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டே சொன்னாள்: "எங்கடி போச்சு? ஆனா இப்பல்லாம் வண்டியிலேயே உக்காந்திருக்கு. என்கூட இறங்கி வர்றதில்ல."