அண்ணனின் லாரியும் அண்ணியும் நானும்

எங்கள் அண்ணன் இல்லாமல் ஓராண்டு ஓடிவிட்டது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி அண்ணிதான் எழுத வேண்டும் என்று சொந்தக்காரர்கள் சிலர் சொன்னார்கள். அண்ணிக்கு அவரை முப்பது சொச்சம் வருடமாகத்தான் தெரியும். எனக்கு நான் பிறந்ததிலிருந்து தெரியும். ஆகவே தங்கை நான் எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது வல்லம் வடகால் பக்கம். இன்று தொழிற்சாலைச் சுவர் நீண்டு கிடக்கிற இடத்தில் அப்பா குத்தகைக்கு நெல் போட்டிருந்தார். அப்பா போனபோது அண்ணனுக்கு மீசைகூட முளைக்கவில்லை. தன் பள்ளிக்கூடப் பையை எனக்கென்று எடுத்து வைத்துவிட்டு லாரியில் கிளீனராக ஏறினார். நான் தின்ற சோறு, உடுத்திய துணி, படித்த படிப்பு எல்லாம் அவர் உழைப்பு. பிறகு ஓட்டுநர் ஆனார். யாரோ ஓட்டி அலுத்துப்போன பழைய லாரி ஒன்றைச் சொந்தமாக வாங்கினார்.

அந்த லாரியின் முன்பக்கத்தைச் சோதித்துப் பார்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஜாக்கி வைத்துத் தூக்கிய சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுவார். இன்னொருவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, சொல்லும்போது பிரேக்கை மிதிக்க வேண்டும், சொல்லும்போது ஸ்டியரிங்கை அசைக்க வேண்டும். அந்தச் சீட்டு என்னுடையது. "மிதி பாப்பா... வுடு பாப்பா" என்று கீழேயிருந்து அண்ணன் குரல் வரும். எங்கள் தெருவில் வேறு எந்தப் பெண்ணுக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. எனக்குத் தலைகால் புரியாது.

1991இல் அண்ணனுக்குக் கல்யாணம் ஆனது. கொஞ்ச நாளிலேயே லாரியின் முன்பக்கம் உதற ஆரம்பித்தது. ஸ்டியரிங் கையில் நடுங்கியது. இடது பக்க டயர் ஓரமாகத் தேய்ந்தது. மறைமலை நகரில் எழும்பிக்கொண்டிருந்த ஒரு தொழிற்சாலைக்கு ஜல்லி லோடு அடிக்கும் வேலை அப்போது அண்ணனுக்கு. வண்டி நின்றால் கான்ட்ராக்டர் வேறு லாரியைக் கூப்பிட்டுவிடுவார். தேய்ந்ததையெல்லாம் மாற்ற வழியில்லை. எதை மாற்றுவது, எதை விடுவது என்று பார்த்தாக வேண்டும்.

நான் தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடி வந்தேன். சீட்டில் அண்ணி உட்கார்ந்திருந்தார். தாலிக் கயிற்றில் மஞ்சள்கூடப் போகவில்லை, அதற்குள் என் சீட்டு!

"நீ போய்ப் படி பாப்பா, பரிச்ச வருது இல்ல? அவ பாத்துக்குவா" என்றார் அண்ணன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படிக்கப் போகாமல் அங்கேயே நின்றேன்.

"இன்னாத்துக்குங்க பிரேக்க மிதிக்கச் சொல்றீங்க?" என்று அண்ணி கேட்டார்.

அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்று பதில் சொன்னார். "சக்கரம் ஆடுது இல்ல? நீ மிதிச்சதும் ஆட்டம் நின்னுச்சின்னா பேரிங்கு லூசு, நட்ட இறுக்குனா போதும். மிதிச்சும் ஆடுச்சின்னா சக்கரத்தத் திருப்புற அச்சு, கிங்பின்னு, தேஞ்சிபோச்சின்னு அர்த்தம்."

நான் எத்தனை தடவை மிதித்திருப்பேன்! என்னிடம் இதை ஒரு நாளும் சொன்னதில்லை. நான் கேட்டதில்லை என்பது வேறு விஷயம். கேட்டால்தான் சொல்ல வேண்டுமா?

அண்ணி மிதித்தார். ஆட்டம் நின்றது. கிங்பின் செலவு தப்பியது. பிறகு அண்ணன் சக்கரத்தைத் தரையில் இறக்கி ஸ்டியரிங்கை அசைக்கச் சொன்னார். இரண்டு சக்கரங்களையும் இணைக்கிற ராடின் முனையில் இருக்கும் பால் ஜாயின்ட் லொடலொடத்தது. ஸ்பிரிங் பட்டைகளும் தளர்ந்து, வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நின்றது. ஜாயின்டா, பட்டையா? ஒன்றைத்தான் இப்போது மாற்ற முடியும்.

"பட்டைய மாத்துண்ணா. சாஞ்ச வண்டியப் பாத்தா எவன் லோடு குடுப்பான்?" என்றேன்.

"தங்கச்சி சொல்றது கரீட்டுதான்பா. ஜாயின்ட்டு இன்னும் கொஞ்ச நாளு தாங்கும்" என்றார் வந்திருந்த மெக்கானிக். அண்ணன் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அண்ணி சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார். "சாஞ்சி நின்னா அசிங்கம், அவ்ளோதான? திரும்ப வேண்டிய எடத்துல திரும்பலன்னா? ஆளு வூடு வந்து சேர வேணாமா?"

அண்ணன் குனிந்து அந்த ஜாயின்ட்டை இன்னொரு தடவை ஆட்டிப் பார்த்தார். பிறகு மெக்கானிக்கிடம், "ஜாயின்ட்ட கழட்டுபா" என்றார்.

கழற்றும்போதே உள்ளிருந்த குண்டு கிண்ணத்தை விட்டுக் கையோடு வந்துவிட்டது. "யப்பா, லோடோட போயிருந்தா இன்னா ஆயிருக்கும்!" என்று மெக்கானிக் அதை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணன் அண்ணியைப் பார்த்தார். அண்ணன் தப்பித்தாரே என்று எனக்கு நெஞ்சு நிறைந்தது பொய்யில்லை. அந்தப் பார்வையில் கொஞ்சம்கூட என் பக்கம் வரவில்லையே என்று வயிறு எரிந்ததும் பொய்யில்லை.

அதன்பிறகு வண்டியில் எது தேய்ந்தாலும் அண்ணியைக் கேட்டுத்தான் முடிவு. சாய்ந்த வண்டிக்கும் லோடு தாராளமாகக் கிடைத்தது. அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த லாரி ஓடித்தான் எனக்குக் கல்யாணம் நடந்தது. கம்பெனிகள் வந்த பிறகு அண்ணன் லாரியை விற்றுவிட்டு, இருங்காட்டுக்கோட்டையில் ஷிப்ட் ஆட்களை ஏற்றி இறக்கும் பஸ் ஓட்டினார். வேலை முடிந்து வரும் பெண்பிள்ளைகள் வீட்டுக் கதவு திறக்கும்வரை பஸ்ஸை நகர்த்த மாட்டார். ஒருவரையும் கடிந்து பேசாதவர். என்னைக்கூட அவர் திட்டியதில்லை, நான் எவ்வளவோ இடம் கொடுத்தும்.

கடைசி மாதங்களில் இதயம் பலவீனமாகிப் படுத்துவிட்டார். நான் தினமும் கஞ்சி காய்ச்சி எடுத்துப் போவேன். "வெச்சிட்டுப் போ பாப்பா, அவ குடுப்பா" என்பார். என் கஞ்சியை அண்ணி கையால்தான் குடித்தார். மூச்சு அடங்கும்போதும் அவர் கை அண்ணியின் கைக்குள் இருந்தது. எனக்குக் கால்மாட்டில்தான் இடம் கிடைத்தது. நான் இன்னும் அதை நினைத்துப் பொருமுகிறேன்.

அண்ணனுக்கு மூச்சுத் திணறியபோதெல்லாம் கூப்பிடாமலே ஆட்டோவை வாசலில் கொண்டுவந்து நிறுத்திய எதிர்வீட்டுத் தம்பி, முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட மருத்துவர்கள், செவிலியர்கள், ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்து தோள் கொடுத்த பஸ் ஓட்டுநர்கள், காரியம் முடியும்வரை எங்கள் வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமென்று சமைத்துக் கொடுத்த தெருக்காரர்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது.

எழுதி முடித்ததை அண்ணன் மகன் வாங்கிப் படித்தான்.

"இன்னாத்தே, எல்லாருக்கும் நன்றி சொல்லிக்கீறே, அம்மா பேரு மட்டும் இல்லியே. இன்னுமா உனுக்கு கோவம்?"

"கோவம் கீதுடா, இல்லாம இன்னா? ஆனா நன்றி வெளியாளுக்குத்தான் சொல்லுவாங்க."