தொப்புள் வழியே போன சிறுநீரகம்

லிப்ட் மெக்கானிக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. "உங்களைப் படைச்சப்ப நிறுத்துற சுவிட்ச் வைக்க மறந்துட்டாங்க" என்பாள் மனைவி. ஐம்பத்திரண்டாவது வயதில் ஒருநாள் அவருக்குச் சிறுநீர் சிவப்பாகப் போனது. ஸ்கேனில் இடது சிறுநீரகத்தில் எலுமிச்சம்பழ அளவுக் கட்டி. புற்றுநோய்.

"அந்தச் சிறுநீரகத்தையே எடுத்துடணும்" என்றார் அறுவை மருத்துவர். சின்ன உருவம், நிதானமாகப் பேசும் பெண். "தொப்புள்ல ஒரே ஒரு கீறல்தான். கேமரா, கருவி எல்லாம் அது வழியாப் போகும். எடுத்ததை ஒரு பைக்குள்ள போட்டு அது வழியாவே வெளிய கொண்டு வந்துடுவோம். ரத்தம் கட்டுக்கு அடங்கலைன்னா மட்டும்தான் பெருசாத் திறப்போம்."

தலையாட்டிக் கையெழுத்துப் போட்டாரே தவிர, மெக்கானிக்குக்கு மனசு ஆறவில்லை. அவருடைய அப்பாவுக்கும் இதே நோய்தான். விலாவிலிருந்து அடிவயிறுவரை நீண்ட அந்தத் தையலைத் துடைத்துவிட்டவர் இவர்.

அறுவை முடிந்த மறுநாள் காலை நர்ஸ் அவரை எழுப்பி நடக்கவைத்தார். தோள்பட்டை வலித்தது. "வயித்துக்குள்ள நிரப்பின வாயு. ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்றார் நர்ஸ். மெக்கானிக் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். தொப்புளில் தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு பிளாஸ்திரி. அவ்வளவுதான். இந்தச் சின்ன ஓட்டை வழியாக ஒரு சிறுநீரகம் எப்படி வெளியே வந்திருக்கும்?

டிரிப்ஸ் கம்பியைத் தள்ளிக்கொண்டு தாழ்வாரத்தில் போவதும் வருவதுமாக இருந்தார். "நடக்கத்தானே சொன்னேன், பந்தயம் ஓடவா சொன்னேன்?" என்று நர்ஸ் அதட்டிப் படுக்கவைத்தார். மனைவி வந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உண்மையச் சொல்லு. எடுத்தாங்களா, பாத்துட்டு மூடிட்டாங்களா?"

"எடுத்தாச்சுங்க."

"இதே வார்த்தையத்தான் நான் எங்கப்பாகிட்ட சொன்னேன்."

அவள் விழித்தாள். பதினெட்டு வருடமாக யாரிடமும் சொல்லாததை அப்போதுதான் அவர் சொன்னார். அப்பாவின் வயிற்றைத் திறந்தவர்கள், நோய் பரவிவிட்டது என்று எதையும் எடுக்காமலே மூடிவிட்டார்கள். "எடுத்தாச்சுப்பா, இனி பயமில்ல" என்று இவர்தான் கூசாமல் சொன்னார். நாலே மாதம். அப்பா அதை நம்பினாரா, மகனுக்காக நம்பியதுபோல் இருந்தாரா என்பது கடைசிவரை தெரியவில்லை.

மனைவி விறுவிறுவென்று போய் மருத்துவரைக் கையோடு அழைத்துவந்தாள்.

மருத்துவர் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். எஃகுத் தட்டில் சிறுநீரகம், பக்கத்தில் எண் எழுதிய சீட்டு. மெக்கானிக் தன் மணிக்கட்டுப் பட்டையை அதன் அருகே வைத்து ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட்டார்.

"இது ஒண்ணா, ஏழா?"

"ஏழு. உங்களோடதுதான். வேற யாருக்கும் நாங்க குடுக்கல."

சிரித்ததில் தொப்புள் சுரீரென்றது. கண்ணீர் வந்தது வலியால்தான் என்று சாதித்தார்.

பத்தாம் நாள் பரிசோதனை முடிவு வந்தது. கட்டி சிறுநீரகத்தைத் தாண்டவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன் போதும். ரிப்போர்ட்டை அவரே மூன்று முறை படித்தார்.

"நல்லதோ கெட்டதோ, இனி முதல்ல எனக்குத்தான் தெரியணும்" என்றார் மனைவியிடம்.

"சரி. நீங்களும் எதையும் தனியா வச்சுட்டுத் திரியாதீங்க."

இரண்டு மாதத்தில் வேலைக்குத் திரும்பினார். முதல் ஸ்கேனில் ஒன்றுமில்லை. இரண்டாவதற்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதற்குள் இரண்டு முறை போன் போட்டுத் தேதியைக் கேட்டுவிட்டார்.