முன்வரிசை ஜமக்காளத்தில் மூன்று வாண்டுகள்

பாடுகிறவருக்குத் தொண்டை கட்டினால் கச்சேரியை நிறுத்திவிடலாம். பிள்ளைகளைக் கச்சேரிக்கு அழைத்துப் போகிறவளுக்கு எது கட்டினாலும் மங்களம் வரை உட்கார்ந்துதான் ஆகவேண்டும்.

பகலில் நான் மைசூர் மிஷன் பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் வகுப்பு டீச்சர். சாயங்காலம், மண்டி மொஹல்லாவில் பட்டுக்கடை வைத்திருந்த கொள்ளேகால்காரர் ஒருவரின் பிள்ளைகளைச் சங்கீதம் கேட்க அழைத்துப் போகும் உத்தியோகம். கடைக்காரரின் மனைவி தெய்வானையம்மாளிடம் பக்கத்து வீட்டு வக்கீல் மனைவி, "உங்களுக்குப் பட்டு தெரியும், பாட்டு தெரியுமா?" என்று கேட்டுவிட்டாளாம். அன்றைக்கே அம்மாள் தீர்மானித்துவிட்டார், பிள்ளைகளை ரசிகர்களாக்கிக் காட்டுவதென்று. கடைக்காரருக்கு நேரமில்லை. அம்மாளுக்குக் கச்சேரி என்றாலே தலைவலி. ஆகவே நான். எனக்குத் தெரிந்த சங்கீதமெல்லாம் ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்தவக் கோயிலில் பாடுவதுதான். அது எங்கே முடியும் என்று புத்தகத்திலேயே போட்டிருக்கும்.

வள்ளிக்கு எட்டு வயது, ராசுவுக்கு ஆறு, பொன்னிக்கு நாலு. நீங்களும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கச்சேரிக்குப் போனவர்களானால் மேற்கொண்டு சொல்லவே வேண்டாம். ஆனாலும் சொல்கிறேன். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

அடுத்த வரி

ராமநவமிப் பந்தலில் எங்கள் முதல் கச்சேரி. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெரிய வித்வான். பாட்டின் நடுவில் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டார். மேலே போய்ப் பாடினார், கீழே வந்து பாடினார், பிடில்காரரிடம் கொடுத்தார், திரும்ப வாங்கிக்கொண்டார். வரி மட்டும் அதே வரி. அதற்கு நிரவல் என்று பெயர் என்பது எனக்கு அப்போது தெரியாது. வள்ளி என் முந்தானையை இழுத்தாள்.

"ஏனுங்க டீச்சரம்மா, அவருக்கு அடுத்த வரி மறந்து போச்சுங்களா?"

"இருக்கும்" என்றேன்.

வள்ளி என் வகுப்பில் படித்தவள். ஒரு பிள்ளை ஒப்பிக்கும்போது திணறினால் இன்னொரு பிள்ளை எடுத்துக் கொடுக்கலாம் என்பது அங்கே சட்டம். எழுந்து நின்றாள். வீட்டுக் கிராமபோனில் கேட்டுக் கேட்டு மனப்பாடமாகியிருந்த அடுத்த வரியைப் பந்தலுக்கு வெளியே நின்ற ஜட்காக்காரர்களுக்கும் கேட்கும்படி எடுத்துக் கொடுத்தாள். மிருதங்கம் நின்றது. எனக்கு மூச்சு நின்றது. வித்வான் அவளைப் பார்த்துக் கனிவாகச் சொன்னார்:

"தெரியும் கொழந்தே, வேணும்னுதான் போகாம இருக்கேன்."

கோடுபளே

வாயை அடைக்க மைசூரில் கோடுபளே இருக்கிறது. வளையம் வளையமாக, முறுக்குக்கு அண்ணன் மாதிரி கெட்டியானது. ஒரு கல்யாணக் கச்சேரியில் பொன்னி அதை விரலுக்கு ஒன்றாக மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். மிருதங்கக்காரர் தனியாக வாசிக்க ஆரம்பித்தார். சபை கப்சிப். பொன்னி கடித்தாள். ‘கடக்’. எல்லோரும் திரும்பினார்கள். கொஞ்சம் பொறுத்து மறுபடி ‘கடக்’. நான் பிடுங்கப் பார்த்தேன். விரலோடு சேர்ந்து வந்தது.

கச்சேரி முடிந்ததும் மிருதங்க வித்வான் நேரே எங்களை நோக்கி வந்தார். நான் பொன்னியைப் பின்னால் தள்ளி மறைத்துக்கொண்டேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மறைக்காதீங்கோம்மா, மேடையில தாளம் போட்டவர் ரெண்டு இடத்துல விட்டுட்டார், இந்தப் பொண்ணோட பல்லைப் பிடிச்சுண்டுதான் நான் கரை சேர்ந்தேன்."

முடிச்சு

ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவரும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரும் எப்போதும் அதே ஜமக்காளத்தில் எங்களுக்குச் சற்று முன்னால் உட்காருவார்கள். ஏதோ ஒரு ராகத்தின் பெயரில் சண்டை வந்து இருவருக்கும் பேச்சு நின்று வெகுகாலம். ஆனால் பாட்டு நன்றாகக் கேட்கிற இடம் அதுதான் என்பதால் இரண்டு பேரும் விட்டுக் கொடுக்கவில்லை. தோளோடு தோள் உரசிக்கொண்டு, ஆளுக்கொரு திசையைப் பார்த்துக் கேட்பார்கள்.

அன்றைக்கு ராசு மிகவும் சமர்த்தாக இருந்தான். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். மங்களம் பாடி முடிந்து தாசில்தார் எழுந்து நடந்தார். தலைமையாசிரியரும் உட்கார்ந்த வாக்கிலேயே அவர் பின்னால் நகர்ந்தார். இரண்டு அங்கவஸ்திரமும் நல்ல இறுக்கமான பட்டுக்கடை முடிச்சில் சேர்ந்திருந்தன. தாசில்தார் இழுக்க, இவர் இழுக்க, கடைசியில் தலைமையாசிரியர்தான் விரதத்தை முறித்தார்:

"பேச மாட்டேன்னா பேசாம போம் ஓய், என்னையும் எதுக்கு இழுத்துண்டு போறீர்?"

ஐயோ

அதற்குப் பிறகு பந்தல் காரியதரிசி என்னைக் கூப்பிட்டு, "சாகும்மா, சாகு!" என்று கன்னடத்தில் ‘போதும்’ போட்டு, "இன்னொரு தடவை ஏதாவது நடந்தால் பட்டுக்கடைப் பிள்ளைகளுக்கு இங்கே இடமில்லை" என்று சொல்லிவிட்டார். இது வக்கீல் வீட்டுக்கு எட்டினால் தெய்வானையம்மாள் முகத்தில் நான் விழிக்க முடியாது. பிள்ளைகளை மடியில் கட்டாத குறையாக வைத்துக்கொண்டு அடுத்த கச்சேரிக்குப் போனேன்.

பள்ளிக்கூடத்தில் பரீட்சை நேரம். அரண்மனை வித்வான் ராகத்தை மெல்ல மெல்ல இழைத்துக்கொண்டிருந்தார். திடீரென்று என் இரண்டு கையிலும் ஒரே சமயத்தில் தேள் கொட்டியது போலிருந்தது. "ஐயோ!" என்று அலறிவிட்டேன். வித்வான் மூச்சு வாங்க நிறுத்திய இடம் அது. பந்தலில் எங்கள் இடம் போயிற்று என்று கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் காரியதரிசி உருகிப் போய், "ஆஹா, இந்தம்மாவுக்கு எவ்வளவு ஞானம்!" என்றார். நான் வலப்புறமும் இடப்புறமும் பார்த்தேன். ராசு கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"நீங்க தூங்குனா கிள்ளோணும்னு அம்மா சொல்லி உட்டிருக்காங்க டீச்சரம்மா, ஆளுக்கொரு பக்கம்."

தம்புராவுக்குப் பின்னால்

கடைசி நாள் கச்சேரிக்கு வக்கீல் மனைவியே வந்து முன்வரிசையில் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். பாதிப் பாட்டில் திரும்பிப் பார்த்தால் பொன்னியைக் காணோம். எழுந்து தேடினால் காரியதரிசி பார்ப்பார். தேடாவிட்டால் பிள்ளை போய்விடும். எழுந்தேவிட்டேன். அப்போதுதான் வள்ளி மோவாயால் மேடையைக் காட்டினாள். தம்புரா போட்ட சிஷ்யரின் மடியில் பொன்னி, காது தம்புராக் குடத்தில், நல்ல தூக்கம். மனிதர் அசையவும் முடியாமல், நிறுத்தவும் முடியாமல் மீட்டிக்கொண்டிருந்தார். காரியதரிசி குனிந்தபடி ஓடி அவளைத் தூக்கப் போனார். வித்வான் பாடிக்கொண்டே கையைக் காட்டித் தடுத்துவிட்டார்.

மங்களம் முடிந்ததும் மேடைக்குப் போனேன். வக்கீல் மனைவியும் வேடிக்கை பார்க்க வந்து நின்றாள். "மன்னிக்கணும், குழந்தை தூங்கிட்டா" என்றேன். வித்வான் முன்வரிசையை ஒரு பார்வை பார்த்தார்.

"பெரியவாளும் தூங்கத்தான் தூங்கறா அம்மா, அவாளெல்லாம் தலையை ஆட்டிண்டே தூங்கறா, இவ ஆட்டாம தூங்கினா, அவ்வளவுதான் வித்தியாசம்."

சங்கீதம் அந்த மூன்று பேருக்கும் ஒட்டியதோ இல்லையோ, கூட்டிப் போன எனக்கு ஒட்டிக்கொண்டதால் இப்போதெல்லாம் தனியாகவே கச்சேரிக்குப் போகிறேன், யாராவது பிள்ளையோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன்.