தங்கச்சிக்கு எழுதியவர்

மக்காவுக்கு உம்றா யாத்திரை போகவிருந்த மீன்காரர் ஒருவர், சாய்ந்தமருதில் உள்ள என் போன் கடைக்குத் தமிழ் கீபோட் போட வந்தார். விரலை இடுப்புச் சாரத்தில் துடைத்துவிட்டுத்தான் திரையைத் தொடுவார்.

"போறதுக்கு முன்ன எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேக்கணும், கேட்டுட்டன் தம்பி. தங்கச்சிதான் என்ட குரல் கேட்டாலே போனை வெச்சிருவா."

"காக்கா," என்றேன், எங்கள் ஊரில் அண்ணனை அழைப்பதுபோல். "எழுதுறதையெல்லாம் இந்தக் கீபோட் எடுத்து கம்பனிக்கு அனுப்புமாம். சம்மதமா எண்டு கேக்குது."

"எடுக்கட்டும். ஊரே அறிஞ்ச சண்டைதானே!"

ஒற்றை விரலால் எழுதித் தங்கைக்கு அனுப்பினார்: "காக்காவ மன்னிச்சிக்கோ."

செய்திக்குக் கீழே நீலச் சரிக்குறி விழுந்தது.

"வாசிச்சிட்டா!" என்று சிரித்தார். அடுத்த நிமிடம் தங்கையின் படம் மறைந்தது. தங்கை இவருடைய எண்ணைத் தடுத்துவிட்டார் என்று எனக்கு விளங்கியது.

"படம் எங்க தம்பி?"

"நெட் பிரச்சினை, காக்கா."

"அப்ப மக்காவுல இருந்து எழுதுறன்" என்று எழுந்தார்.

அங்கிருந்து எத்தனை முறை எழுதினாரோ. ஒன்றும் தங்கையிடம் போய்ச் சேர்ந்திருக்காது.