தேவராஜ் வேண்டாமென்ற பக்கெட் தண்ணீர்

தார்நாகா குவார்ட்டர்ஸில் புதிதாகக் கார் வாங்குகிறவர்கள் முதலில் கோயிலுக்குப் போவார்கள், அடுத்து தேவராஜ் வீட்டுக்கு. கோயிலில் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து அனுப்பிவிடுவார்கள். தேவராஜ் பானெட்டைத் திறக்கச் சொல்லிவிட்டு அரை மணி நேரம் பேசுவார்.

குடியாத்தத்திலிருந்து இருபத்திரண்டு வயதில் வந்தவர். ஆராய்ச்சிக் கூடத்தில் டெக்னீசியன். முப்பது வருஷமாக அவர் பார்த்த வேலை, தண்ணீரை ஆவியாக்கிக் குளிர வைத்து, உப்பே இல்லாத தண்ணீராக விஞ்ஞானிகளுக்குக் கொடுப்பது. அவர்கள் அதை வைத்துக் கட்டுரை எழுதினார்கள், பரிசு வாங்கினார்கள். தேவராஜின் பெயர் எதிலும் வந்ததில்லை. அந்தக் குறையை எல்லாம் மனுஷன் கார்க்காரர்களிடம் தீர்த்துக்கொள்கிறார் என்று அவர் மனைவி புஷ்பா சிரிப்பாள்.

"இந்த ஊரு போர் தண்ணி இன்னா தண்ணிங்க? டீ போடற பாத்திரத்தப் பாருங்க, அடியில வெள்ளையா படிஞ்சிருக்கும். அதேதான் ரேடியேட்டர் உள்ளயும் படியும். கூலன்ட் கொறஞ்சா டிஸ்டில்ட் வாட்டர்தான். குழாய்த் தண்ணி நக்கோ, மினரல் வாட்டரும் வேணாம்."

கேட்டவர் வண்டியை எடுக்கும்போது ஜன்னலருகே குனிந்து இன்னொன்றும் சொல்வார். "நடு ரோட்ல நின்னுட்டா மட்டும் கெடச்சத ஊத்திக்குங்க. வீட்டுக்கு வந்து கழுவிட்டாப் போவுது."

இதையும் சொன்னது அவர்தான்.

2006 ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒரே மகள் அஸ்வினி அமெரிக்காவுக்குப் புறப்பட்டாள். மாதாப்பூரில் கம்பெனி, அங்கேயே ஹாஸ்டல். கூட வேலை பார்க்கும் நாலு பேரோடு கம்பெனி வேனில் நேராக பேகம்பேட் விமான நிலையம் போய்விடுவதாக ஏற்பாடு. நாலு மணிக்கு பம்பாய் விமானம். "ஒன்றரைக்கு வாசல்ல நிப்பேன், டூ தர்ட்டிக்கு உள்ள போயிடணும்" என்று சொல்லியிருந்தாள். இரண்டு வருஷம் கழித்துத்தான் திரும்புவாள்.

அதற்கு முந்தின வாரம் வந்தபோது மாற்று மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டிருந்தாள். புஷ்பா அதைப் பெட்டியோடு மடியில் வைத்துக்கொண்டு காரில் உட்கார்ந்தாள். பன்னிரண்டரைக்கே கிளம்பினார்கள். அந்தக் காரை செகண்ட் ஹேண்டில் வாங்கி நாலு வருஷம், ஒரு நாள் நின்றதில்லை. அன்றைக்கு வழியில் மெட்டுகுடாவில் நின்றது. சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட, பானெட் ஓரமாக ஆவி வந்தது.

ஒரு ஹோஸ் கிளிப் தளர்ந்து கூலன்ட் முழுக்கப் போயிருந்தது. தேவராஜ் பதறவில்லை. எஞ்சின் ஆறட்டும் என்று அரை மணி நேரம் விட்டு, கிளிப்பை இறுக்கி, டிக்கியைத் திறந்தார். கூலன்ட் டப்பா இருந்தது, அதோடு கலக்க எப்போதும் இருக்கும் டிஸ்டில்ட் வாட்டர் கேன் இல்லை. முந்தின நாள் பக்கத்து வீட்டு இன்வெர்ட்டருக்குக் கொடுத்தது, திரும்பி வரவில்லை.

பஞ்சர் கடைக்காரர் ஒரு பக்கெட் நிறையத் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தார். "லேலோ சாப்."

தேவராஜ் குனிந்து பார்த்தார். பக்கெட்டின் உள்சுவரில் வெள்ளைக் கோடு. "நக்கோ பாய். போர் பானி."

"ஊத்துங்களேன், கழுவிக்கலாம்னு நீங்கதான சொல்வீங்க" என்றாள் புஷ்பா. "இல்லன்னா நான் ஒரு ஆட்டோ புடிச்சுப் போறேன்."

"பத்து நிமிஷம். பேட்டரிக் கடை இங்கதான் இருக்குது."

அவர் பத்து நிமிஷம் என்றால் பத்து நிமிஷம் என்று இருபத்தைந்து வருஷமாக நம்பியவள். உட்கார்ந்துவிட்டாள்.

முதல் கடையில் கேன் இருந்தது, சீல் உடைந்திருந்தது. குழாயில் பிடித்து விற்கிறான் என்று தோன்ற, வேண்டாமென்று நடந்தார். அடுத்த கடை ஞாயிறு விடுமுறை. மூன்றாவது கடையில் சீல் உடையாத கேன் கிடைத்தபோது மணி இரண்டே கால். வெயிலில் ஓட்டமும் நடையுமாக அவர் இரண்டரைக்குத் திரும்பியபோது புஷ்பா செல்போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"தலவலிம்மா... எழுந்திருக்கவே முடியல. டாடிய நான்தான் வுடல. நீ பத்திரமா போ, கண்ணு."

தேவராஜ் கேனும் கையுமாக நின்றார். "ஏன் அப்படிச் சொன்ன?"

"வண்டி நின்னுச்சுன்னா உங்களத்தான் திட்டுவா. போற பொண்ணு கோவமா போவக் கூடாது."

அவர் கூலன்ட் ஊற்றினார், அளவாக டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றினார். கார் நல்ல பிள்ளையாகக் கிளம்பி வீட்டுக்கு வந்தது. புஷ்பா கண்ணாடிப் பெட்டியை டேஷ்போர்டு அறைக்குள் வைத்து மூடினாள். அதை எடுத்துத் தபாலில் அனுப்பும் தைரியம் தேவராஜுக்கு வரவே இல்லை.

அடுத்த ஜனவரியில் புஷ்பாவுக்கு மூளையில் ரத்தக் கசிவு. இரண்டே நாள். அஸ்வினி வந்து சேர்ந்தபோது அம்மா ஐஸ் பெட்டிக்குள் இருந்தாள். அவள் அழுததைவிட, அழுகை நின்றபின் சொன்னதுதான் தேவராஜைக் கொன்றது. "ஒரு தலைவலி, டாடி. அதுக்காக மம்மி என்னைப் பாக்க வரல. கடைசியா ஒரு தடவை பாத்திருப்பேன்ல?"

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். செத்தவள் மேல் பழியைப் போட்டுவிட்டுப் பதினைந்து நாள் சோறு தின்றார்.

பதினாறாம் நாள் சொந்தக்காரர்கள் போனதும் அஸ்வினி தனியாக அழுவதற்காகக் காருக்குள் போய் உட்கார்ந்தாள். முகம் துடைக்கத் துணி தேடி டேஷ்போர்டு அறையைத் திறந்தாள். சிறிது நேரம் கழித்துக் கண்ணாடிப் பெட்டியோடு வாசலில் நின்றாள். "இது எப்படி கார்ல?"

தேவராஜ் சொன்னார். பக்கெட்டை, உடைந்த சீலை, பத்து நிமிஷத்தை, எதையும் மறைக்காமல் சொன்னார்.

"மம்மி கார்ல இருந்தாங்களா?"

"முன் சீட்ல. இந்தப் பெட்டிய மடியில வச்சிக்கினு."

"அந்தத் தண்ணிய ஊத்தியிருந்தா?"

"ரெண்டு மணிக்குள்ள வந்திருப்போம். அவ உன்னப் பாத்திருப்பா."

அஸ்வினி திட்டவில்லை. உள்ளே போனாள். குளியலறையில் போர் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. பக்கெட் ததும்பத் தூக்க மாட்டாமல் தூக்கிக்கொண்டு வந்து காரின் முன்னால் வைத்தாள். பானெட்டைத் தூக்கிவிட்டு, எது ரேடியேட்டர் மூடி என்று தெரியாமல் அழுதுகொண்டே தேடினாள்.

தேவராஜ் எழுந்து போய், மூடியைத் திறந்து கொடுத்தார்.