"கதையும்" என்றார் இன்ஸ்பெக்டர்

எனக்கு வாய் நீளம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவதில்லை. ஒரு பள்ளிக்கூடத்தைக் காப்பாற்றிய வாய் இது. பெருமைக்காகச் சொல்லவில்லை என்று பொய் சொல்லமாட்டேன், பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் பதுளைக்கு மேலே, நமுனுகுல மலைச்சரிவில் இருந்தது. பள்ளிக்கூடம் என்பது, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடான லயத்தின் கடைசிக் காம்பரா, ஒரே அறை. இந்தப் பக்கம் நாங்கள் ஆனா ஆவன்னா சொல்லும்போது சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது மிளகாய் வறுத்து எங்களை இருமவைப்பார்கள். வாத்தியார் திருச்சிப் பக்கத்துக்காரர். "கவர்மெண்டுக் காசெல்லாம் டவுனோட நின்னுரும், மலை ஏறாது" என்று தினமும் புலம்புவார். அந்த வருஷம் தோட்டத்துத் துரையும் கையை விரித்துவிட்டார். அரசாங்க மானியம் கிடைத்தால் பள்ளிக்கூடம் நடக்கட்டும், இல்லாவிட்டால் மூடிவிடுவோம் என்றார்.

மூடினால் நான் கொழுந்து எடுக்கப் போகவேண்டும். எனக்குப் பத்து வயது. அடுத்த மாதத்திலிருந்து பெரட்டில் என் பெயரும் உண்டு என்று கங்காணி சொல்லிவிட்டார். விடிகாலையில் ஆட்களைப் பெயர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்தனுப்புவார்களே, அதுதான் பெரட்டு. அம்மா எனக்கென்று சின்னதாக ஒரு கூடைகூட வாங்கிவிட்டாள். எனக்கோ எழுத்துப் பைத்தியம். சாமான் சுற்றி வந்த காகிதத்தைக்கூட வாசிக்காமல் அடுப்பில் போட விடமாட்டேன். அந்தக் கூடையைப் பார்த்தாலே எனக்கு அழுகை வரும்.

மானியம் கொடுக்கலாமா என்று பார்க்க இன்ஸ்பெக்டர் குதிரையில் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கோட்டும் தலைப்பாகையுமாக இருந்தார். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு வாசிப்புப் புத்தகம். அதை எல்லோரும் மனப்பாடம் செய்துவைத்திருந்தோம். முதலில் எழுந்த பையன் மடமடவென்று வாசித்தான். இன்ஸ்பெக்டர் சத்தமில்லாமல் பக்கத்தைத் திருப்பினார். அவன் பழைய பக்கத்தையே வாசித்துக்கொண்டு போனான். அடுத்து எழுந்தவளும் அப்படியே. வாத்தியார் முகத்தில் ஈயாடவில்லை.

பிறகு இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டார். "பிள்ளை, புத்தகத்தை மூடும். இனிக் கதையும், கேப்பம்."

அவர்கள் ஊரில் கதைப்பது என்றால் பேசுவது. ஏதாவது பேசு, கேட்போம் என்கிறார் மனுஷர். எங்கள் லயத்தில் யார் அப்படிச் சொன்னார்கள்? வாசிப்பு முடிந்தது, இனிக் கதையும் கேட்போம் என்கிறார் என்றே நான் எடுத்துக்கொண்டேன். மற்றவர்களிடம் கேட்காததை என்னிடம் கேட்கிறாரே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆரம்பித்துவிட்டேன்.

"கொழும்புல ஒரு சாக்கு நெறையக் காசு இருந்துச்சாங்க. பள்ளிக்கூடங்களுக்குக் குடுத்துட்டு வான்னு அதை அனுப்பிவிட்டாங்களாம். வழியெல்லாம் பெரிய பெரிய பள்ளிக்கூடமாம். ஒண்ணு மேசை கேட்டுச்சாம், ஒண்ணு ஒக்கார வாங்கு கேட்டுச்சாம், ஒண்ணு மணி கேட்டுச்சாம். பதுளை வந்து சேர்றதுக்குள்ள சாக்கு எளைச்சுப் போச்சாம். மலையைப் பார்த்துச்சாம். மேல இருக்கிற புள்ளைங்க எப்படியும் கொழுந்துதானே எடுக்கப் போகுதுங்க, அதுங்களுக்கு எதுக்கு எழுத்துன்னு சொல்லிட்டுத் திரும்பிப் போயிருச்சாம்."

வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார்.

"இது எந்தப் புத்தகத்தில இருக்குது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"புத்தகத்துல இல்லீங்க. வாத்தியார் தினம் பொலம்புறதுதாங்க. சாக்கு மட்டும் நான் போட்டதுங்க."

இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வந்தது, இருமி அடக்கிக்கொண்டார். சிலேட்டை நீட்டி, அதையே எழுதச் சொன்னார். நான் எழுதினேன். இடம் போதாமல் பின்பக்கமும் எழுதினேன். அவர் ஒரு "ர"வை மட்டும் "ற"வாகத் திருத்திவிட்டு வாத்தியாரைப் பார்த்தார். "உமக்குப் படிப்பிக்கத் தெரியும். இந்தப் பிள்ளையளுக்குப் புத்தகம்தான் இல்லை. நான் மானியத்துக்கு எழுதுறன். காசு வந்தால் முதலில புத்தகம் வாங்கும், சுவரைப் பிறகு பார்ப்பம்."

வாத்தியார் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே போய் நின்றார். அழுதார் என்று எனக்குத் தெரியும்.

மாதம் முடியுமுன் மானியம் உண்டென்று துரைக்குத் தகவல் வந்துவிட்டது. அது கங்காணி காதுக்குப் போகவில்லையோ, போயும் அவர் விடவில்லையோ, முதல் தேதி பெரட்டில் என் பெயரைக் கூப்பிட்டிருக்கிறார். அப்பா கங்காணி முன்னால் குனிந்தே பழகியவர். அன்றைக்கு நிமிர்ந்து நின்று, "அந்தப் புள்ள வராதுங்க. அது பள்ளிக்கூடத்துப் புள்ள" என்றாராம். சாயங்காலம் அம்மா வந்து எனக்கு அதைச் சொன்னாள். பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், ஆனாலும் லயம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.